சற்று நகருங்கள், ஐயா!

ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணி. திருப்பலி முடிந்து வீடு திரும்பிய நான், வாசற்கதவைத் திறப்பதற்காகச் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது:

"சற்று நகருங்கள், ஐயா! அந்தக் கதவு படத்தில் விழ வேண்டும்."

திரும்பிப் பார்த்தேன். புதிதாக மணமானவர்கள் போலும். பெண் மஞ்சள் சுவரில் ஒயிலாகச் சாய்ந்து நின்றாள். கணவர் நடுத்தெருவில் ஒரு முழங்காலை ஊன்றி, கைப்பேசியை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்திருந்தார். அத்தனை பக்தியோடு முழந்தாளிடுவோரை எங்கள் ஆலயத்திற்குள்ளும் நான் அண்மையில் கண்டதில்லை.

நகர்ந்தேன். வேறு என் செய்வது! அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. என் வீட்டுக் கதவைத் திறப்பதற்கு, என் வீட்டு வாசலில், நான் வரிசையில் நின்றேன்.

வாசக அன்பர்களே! நான் வசிப்பது புதுச்சேரியில், கடற்கரைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் இடைப்பட்ட பழைய பிரெஞ்சுப் பகுதியில், துய்மா வீதியிலிருந்து பிரியும் ஒரு சிறு குறுக்குத் தெருவில். வெளியூரார் இதை 'ஒயிட் டவுன்' என்கிறார்கள். வார இறுதி வந்துவிட்டால் சென்னையும் பெங்களூரும் எங்கள் தெருவுக்குக் குடிபெயர்ந்துவிடும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இங்கு வாழ்கிறேன். வந்து போகிறவர்களை வேடிக்கை பார்ப்பதே எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அவர்கள் எங்கள் தெருவைப் பார்க்கிறார்கள். நான் அவர்களைப் பார்க்கிறேன். கட்டணம் இருசாராருக்கும் இல்லை.

நானூறு ஆண்டுக் கதவு

வழிகாட்டிகள் சிலர் சொல்லும் வரலாறு கேட்கக் கேட்கத் தெவிட்டாதது. ஒருநாள் சன்னலோரம் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒருவர் பதினைந்து பேரை நிறுத்தி வைத்து, "இதோ, இந்த வீட்டுக் கதவு நானூறு ஆண்டுப் பழமை வாய்ந்தது" என்று முழங்கினார். அனைவரும் கதவைத் தொட்டுப் பார்த்தனர். ஒரு மூதாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கதவை 2002-இல் முத்தியால்பேட்டைத் தச்சர் ஒருவர் செய்து தந்தார். முன்பிருந்த கதவைக் கறையான் அரித்துவிட்டது. தச்சருக்குக் கூலியில் ஒரு பகுதியை நான் இரண்டு மாதம் கழித்தே கொடுத்தேன். இவ்வளவு பழமையான கதவு என்று அப்போது தெரிந்திருந்தால் உடனே கொடுத்திருப்பேன்!

உண்மை வரலாறும் சுவையில் குறைந்ததன்று. பிரான்சுவா மர்த்தேன் என்பவர் இங்குப் பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவத் தொடங்கியது 1674-இல். 1761-இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து, கோட்டை, மாளிகை, ஆலயம் என்று பாராமல் தரைமட்டமாக்கினர். 1763-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஊர் திரும்பக் கிடைத்தபின், 1765 முதற்கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதைப் புதிதாகக் கட்டி எழுப்பினர். ஆகவே இன்று நாம் காணும் வீடுகள் எல்லாம் இடிபாடுகளின்மேல் எழுந்தவை. அழிந்தும் எழுந்த ஊர் என்பதை விட்டுவிட்டு, நானூறு ஆண்டு என்னும் எண்ணைப் பிடித்துக்கொள்வானேன்?

தெருப் பெயர்ப் பலகையில் நடக்கும் கூத்தும் உண்டு. நீல நிறப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர் எழுதியிருக்கும். நம் தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சு எழுத்துகளை எழுத்துக்கூட்டி, "டுமாஸா? டியூமாசா?" என்று வழக்காடுவார்கள். அதே பலகையில் 'துய்மா வீதி' என்று தாய்மொழி பளிச்சென்று நிற்கும். அதைப் படிப்பாரில்லை. வெளியூர் வந்தால் தமிழ்கூடக் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது.

அடுத்தது காகிதப்பூ. சுவருக்கு மேல் செந்நிறத்தில் சொரிந்து கிடக்கும் அந்தப் பூக்களின் கீழ் நின்று படம் எடுக்காதவர் புதுச்சேரிக்கு வந்ததாகவே கணக்கில்லை. "எங்கள் ஊரில் இப்படி ஒரு பூ இல்லையே!" என்று ஒரு சென்னைப் பெண்மணி ஏங்கியதைக் கேட்டேன். சென்னையில் அது வேலியோரமெல்லாம் பூக்கிறது. அது நம் நாட்டுக் கொடியுமன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிவந்த பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பயணத்தில், பிரேசில் நாட்டில் கண்டெடுக்கப்பட்டு அவர் பெயரே சூட்டப்பெற்றது. ஆக, சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பதும் ஒரு சுற்றுலாப் பயணியைத்தான்! அது வந்து தங்கிவிட்டது. இவர்கள் ஞாயிறு மாலை திரும்பிவிடுகிறார்கள்.

"கடற்கரை எங்கே?" என்பது நான் அதிகம் விடை சொன்ன வினா. கடற்கரைச் சாலையில் நின்றுகொண்டே அதைக் கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், வடக்கு நோக்கி வரும் மணல் தடைபட்டது. கரை அரித்து, கருங்கற்களைக் கொட்டிய அணை மட்டும் மிஞ்சியது. அண்மை ஆண்டுகளில் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தபின், வடபகுதியில் ஓரளவு மணல் திரும்பியுள்ளது. இதையெல்லாம் நான் விளக்கத் தொடங்கினால், கேட்டவர் பாதியிலேயே நன்றி கூறி ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடுவார்.

என் இல்லத்தரசிக்கு இத்தனை பொறுமை கிடையாது. ஒருநாள் மாடியில் சேலை உலர்த்தியிருந்தாள். கீழிருந்து ஓர் இளைஞர், "அம்மா, அந்தப் பச்சைச் சேலையை எடுத்துவிடுங்களேன். சுவர் நிறத்துக்குப் பொருந்தவில்லை" என்று கேட்டுக்கொண்டார். அவள் எட்டிப் பார்த்து, "சேலை காய இரண்டு மணி நேரம் ஆகும், தம்பி. நீங்கள் பச்சைக்குப் பொருந்துகிற சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். படத்தில் சேலையும் விழுந்தது.

கோயில்பிள்ளையின் சோதனைகள்

எங்களுக்குச் சிரிப்பு, எங்கள் கோயில்பிள்ளைக்கோ சோதனை. வானதூதர்களின் அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்ட எங்கள் ஆலயம் 1855-இல் கட்டி முடிக்கப்பட்டது. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் திருப்பலி நடைபெறும் பெருமை அதற்கு உண்டு. அழகிய கட்டடமாதலால் கூட்டத்திற்குக் குறைவில்லை.

ஒருநாள் ஒருவர் கோயில்பிள்ளையிடம், "நுழைவுச் சீட்டு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாராம். கோயில்பிள்ளை சற்றும் தயங்காமல் திருமுழுக்குத் தொட்டியைக் கைகாட்டினார். வந்தவர் அதனருகே சென்று, சீட்டுக் கொடுக்கும் ஆளை வெகுநேரம் தேடினார்.

இன்னொரு நாள், திருமணத்திற்கு முந்திய படப்பிடிப்புக்காக ஓர் இணை வந்தது. ஆலய வாசலில் நின்று, நடந்து, ஓடி, எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துக்கொண்டனர். வெளியூர்க் கத்தோலிக்கப் பிள்ளைகள்தாம். அப்பக்கம் வந்த குருவானவர் ஒருவர் அன்போடு நலம் விசாரித்துவிட்டு, "திருமணத் தயாரிப்பு வகுப்பு முடிந்துவிட்டதா?" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "படப்பிடிப்பு முடிந்தபின் போகலாம் என்று இருக்கிறோம், சாமி" என்றார் மணமகன். உடைக்கு நாள் பார்த்தார்கள், ஒளிக்கு நேரம் பார்த்தார்கள். உள்ளத்திற்கு மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்!

ஆலயத்திற்கு எதிரே, கடலை நோக்கிய சிறு பூங்காவில், புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் பளிங்குச் சிலை நிற்கிறது. "ஜான்சி ராணியா?" என்று கேட்டவர் உண்டு. "பிரெஞ்சு நாட்டு மகாராணி" என்று விளக்கிய வழிகாட்டியும் உண்டு. அரசியுமல்லர், அரசகுமாரியுமல்லர், உழவர் குடும்பத்து மகள். படை நடத்தித் தன் நாட்டு அரசனுக்கு முடிசூட வழிசெய்தவர். 1431-இல், பத்தொன்பது வயதளவில், தீயிலிட்டுக் கொல்லப்பட்டார். 1920-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவர் காலடியில் சாய்ந்தபடி தற்படம் எடுக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம், யாராவது இதை அவர்களுக்குச் சொன்னால் நலமாயிருக்குமே என்று எண்ணுவேன்.

இப்படி எண்ணிக்கொண்டு செருக்கோடு நடந்த என்னை, ஒரு பள்ளிச் சிறுமி மடக்கினாள். பெற்றோருடன் திருச்சியிலிருந்து வந்திருந்தாள். "தாத்தா, இந்தக் கோயிலைக் கப்ஸ் கோயில் என்று ஆட்டோக்காரர் சொன்னாரே, கப்ஸ் என்றால் என்ன?" என்று கேட்டாள். நான் வாயடைத்து நின்றேன். அத்தனை ஆண்டுகளாக நாளும் சொல்லி வந்த பெயர். ஒருநாளும் பொருளைக் கேட்டறிந்ததில்லை! அவளை நிறுத்தி வைத்துவிட்டு, குருவானவர் இல்லத்திற்கு விரைந்து கேட்டு வந்தேன். முற்காலத்தில் இங்குப் பணியாற்றிய கப்புச்சின் சபைத் துறவியரின் பெயரே மக்கள் நாவில் தேய்ந்து 'கப்ஸ்' ஆயிற்று. அதுபோலவே வாய்க்காலுக்கு மேற்கே, சேசு சபையாரின் பழைய ஆலயம் நின்ற இடத்தில் எழுந்துள்ள நம் மறைமாவட்டத் தலைமை ஆலயத்தை மக்கள் 'சம்பா கோயில்' என்பர். புனித பவுலின் பிரெஞ்சுப் பெயரான 'சேன் போல்' சம்பாவாகிவிட்டது.

சிறுமி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நானோ மனத்தில் எழுதிக்கொண்டேன்: பார்க்க வந்தவள் கேட்டறிந்தாள், இங்கேயே வாழ்கிறவன் பார்த்ததுகூட இல்லை.

மதாம் ஆயா

எங்கள் எதிர்வீட்டில் ஒரு மூதாட்டியார் வாழ்ந்தார். தெருவார் அவரை 'மதாம் ஆயா' என்று அழைப்போம். அவர் கணவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவில் போரிட்டவர். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. புதுச்சேரி 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-இல் உடன்படிக்கை சட்டப்படி நிறைவேறியபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. சொல்தா தேர்ந்துகொண்டார். பிள்ளைகள் பிரான்சுக்குச் சென்று அங்கேயே வேரூன்றினர். கணவர் மறைந்தபின் ஆயா மட்டும் ஓய்வூதியமும் செபமாலையுமாக இங்கே இருந்தார்.

மாலையில் வாசற்படியில் நாற்காலி போட்டு அமர்வது அவர் வழக்கம். வெண்முடி, வெள்ளைச் சேலை, பின்னால் மஞ்சள் சுவர், மேலே காகிதப்பூ. கேட்க வேண்டுமா! எங்கள் தெருவில் என் கதவைவிட அதிகம் படமெடுக்கப்பட்டவர் அவர்தாம்.

"நீங்கள் பிரெஞ்சுக்காரரா?" என்று கேட்பார்கள்.

"காகிதத்தில் பிரெஞ்சு, குழம்பில் தமிழ்" என்பார் ஆயா.

பேச விருப்பமில்லாத நாளில், தமிழில் கேட்டவருக்குப் பிரெஞ்சிலும், பிரெஞ்சில் கேட்டவருக்குத் தமிழிலும் விடை கூறி அனுப்பிவிடுவார். 2017-இல் பிரான்சின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க இங்கிருந்தே வாக்களித்துவிட்டு வந்தார். மறுநாள் நியாய விலைக் கடை மூடியிருந்ததற்கு அந்தத் தலைவரையே குறை கூறினார்.

ஆனால் அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. ஒருநாள் படம் எடுத்துவிட்டு நகர முயன்ற ஓர் இளைஞரைக் கைதட்டி அழைத்தார்.

"தம்பி, இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் என்னைப் படம் பிடித்துக்கொண்டு போகிறீர்கள். ஒருவராவது எனக்கு ஒன்று கொடுத்ததுண்டா? என் முகம் எல்லா ஊரிலும் இருக்கிறது; என் வீட்டில் இல்லை."

இளைஞர் வெட்கினார். முகவரியை எழுதிக்கொண்டார். "அனுப்பமாட்டான், பாருங்கள்" என்று ஆயா என்னிடம் கண் சிமிட்டினார். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

கோவாவில் ஒரு பாடம்

நிற்க. பயணிகளைப் பார்த்துச் சிரித்த என் கதையை முழுவதும் சொல்வதென்றால், பயணியாய்ச் சென்ற என் கதையையும் சொல்லியாக வேண்டும்.

2014-ஆம் ஆண்டின் இறுதியில் பழைய கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடல் மக்கள் வணக்கத்திற்கு வைக்கப்பட்டது. நானும் என் இல்லத்தரசியும் திருப்பயணமாகச் சென்றோம். வரிசையில் பல மணி நேரம் நின்று புனிதரை வணங்கினோம். மறுநாள் பணஜி நகரில் ஃபோந்தைனாஸ் என்ற பழைய போர்த்துக்கீசியக் குடியிருப்பைப் பார்க்கப் போனோம். மஞ்சளும் நீலமும் சிவப்புமாக வண்ண வண்ண வீடுகள். குறுகிய தெருக்கள். பூத்தொட்டிகள்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நீலக் கதவைக் கண்டேன். "அதில் சாய்ந்து நில், படம் நன்றாக வரும்" என்றேன். நடுத்தெருவில் ஒரு முழங்காலை ஊன்றினேன். அவள் சாய்ந்தாள். கதவு தாழிடப்படவில்லை, உட்புறமாகத் திறந்துகொண்டது! அவள் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருவாறு விழாமல் நின்றாள். நின்றதோ அடுத்தவர் வீட்டுக் கூடத்தில். அங்கே ஒரு முதியவர் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, கஞ்சிக் கிண்ணத்தோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாணத்தால் எனக்குக் குரல் எழவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு சொல் சுடச்சுடச் சொல்லியிருப்பேன். அவரோ எழுந்து வந்து, என் இல்லத்தரசிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு தம்ளரில் தண்ணீர் கொடுத்தார். எங்களுக்குக் கொங்கணி தெரியாது; அவருக்குத் தமிழ் தெரியாது. அரைகுறை ஆங்கிலத்தில் எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். சுவரில் திருஇருதயப் படத்தின் கீழ் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் அதே படம், அதே மாதிரி விளக்கு. அவள் அதைச் சுட்டிக்காட்ட, பெரியவர் முகம் மலர்ந்தது.

வெளியே வந்தபோதுதான் அந்தத் தெருவின் சுவரொன்றில் 'வீடுகளின்முன் படம் எடுக்காதீர்' என்று வேண்டும் அறிவிப்பைக் கண்டேன். வரும்போதும் அது அங்கேதான் இருந்திருக்கும். தெருப்பலகையில் தமிழைக் காணாத பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தேனே, அது நினைவுக்கு வந்தது. அந்த நீலக் கதவின் படத்தை நான் எடுக்கவில்லை. அந்தத் தண்ணீரின் சுவையை மட்டும் மறக்கவில்லை.

தோள்கள் குறைந்த தெரு

எங்கள் ஊரில் ஆயி மண்டபம் என்ற வெண்மண்டபம் இருப்பதை அறிவீர்கள். அதற்கொரு பழங்கதை உண்டு. இவ்வழியே வந்த அரசர் ஒருவர், இரவில் விளக்கொளியில் மின்னிய ஒரு வீட்டைக் கோயில் என்று எண்ணி வணங்கினாராம். அது ஆயி என்ற கணிகையின் இல்லம் என்றறிந்ததும் சினந்து, இடிக்க ஆணையிட்டாராம். ஆயி தானே அதை இடித்து, அவ்விடத்தில் மக்கள் நீர் பருகக் குளம் வெட்டினாளாம். அன்று வந்தவர் வீட்டைக் கோயிலென்று கருதி வணங்கினார். இன்று வருபவர்கள் கோயிலையும் வீட்டையும் படத்துக்குப் பின்புலமென்று கருதுகிறார்கள். வேறுபாடு இவ்வளவே!

விளையாட்டாகச் சொன்னேன். ஆனால் விளையாட்டல்லாத செய்தியும் ஒன்று உண்டு. நான் இங்குக் குடிவந்தபோது எங்கள் சிறு தெருவில் பதினொரு குடும்பங்கள் இருந்தன. இன்று நான்கு. மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகப் பயணியர் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. யாரையும் பழிப்பதற்கில்லை. பழைய வீட்டைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும். பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். கைநிறையக் கொடுக்க ஆள் வருகிறார்கள். சுவர்களுக்குப் புது வண்ணம் பூசப்பட்டது. தெரு முன்னைவிட அழகாயிற்று. ஆனால் அக்டோபர் மாதச் செபமாலையை வீட்டுக்கு வீடு எடுத்துச் சென்ற எங்கள் அன்பியம், இப்போது நான்கே நாளில் தெருவைச் சுற்றி முடித்துவிடுகிறது. ஐந்தாம் நாள் விடுதி வாசலில் நின்று செபித்தோம். மாடிச் சன்னல்களிலிருந்து கைப்பேசிகள் எட்டிப் பார்த்தன.

2023-இல் ஒரு சனிக்கிழமை விடியலில் மதாம் ஆயா இறைவனடி சேர்ந்தார். வயது எண்பத்தெட்டு. மூத்த மகனுக்கு உடனே வானூர்தி கிடைக்கவில்லை. மகள் மட்டும் மறுநாள் பிற்பகலில் வந்து சேர்ந்தாள். வெளியூரில் பிழைக்கும் பேரன் ஒருவனும் வந்தான். ஞாயிறு மாலை அடக்கம்.

பெட்டியை வீட்டிலிருந்து ஆலயத்திற்குத் தோளில் சுமந்து செல்ல வேண்டும் என்பது ஆயாவின் விருப்பம். சொல்தாவை அப்படித்தான் கொண்டுபோனோம். அன்று தோள் கொடுக்கத் தெருவில் போட்டியிருந்தது. இப்போது எண்ணிப் பார்த்தேன். பேரன், கோயில்பிள்ளை, பக்கத்துத் தெருவிலிருந்து வந்த இருவர். எனக்கோ முதுகெலும்பு இடங்கொடாது. ஆறு பேர் வேண்டிய இடத்தில் நால்வர். வண்டி வரவழைக்கலாமா என்று பேச்செழுந்தது.

ஞாயிறு மாலை என்பதால் தெரு நிறையக் கூட்டம். கூட்டம் நிறைய இருந்தும் ஆள் இல்லை! சிலர் தூரத்தில் நின்றபடி கைப்பேசியை உயர்த்தினர். அப்போது விடுதியிலிருந்து இரண்டு இளைஞர்கள் பைகளோடு வெளியே வந்தனர். ஊர் திரும்பப் புறப்பட்டவர்கள். நின்றார்கள். நிலைமையை என்னிடம் கேட்டறிந்தார்கள். ஒருவர் தயக்கத்துடன், "நாங்கள் உங்கள் மதத்தவர் இல்லை. தொடலாமா?" என்றார்.

"தோளுக்கு மதம் இல்லை, தம்பி" என்றார் கோயில்பிள்ளை. நுழைவுச் சீட்டுக் கேட்டவரைத் திருமுழுக்குத் தொட்டிக்கு அனுப்பிய அதே கோயில்பிள்ளைதான்.

பைகளை எங்கள் வீட்டு வாசலுக்குள் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இருவரும் தோள் கொடுத்தனர். துய்மா வீதியில் பெட்டி நகர்ந்தபோது, வழியில் நின்றவர்களிடம் நான்தான் முன்னால் சென்று சொல்லிக்கொண்டு போனேன்: "சற்று நகருங்கள், ஐயா! சற்று நகருங்கள், அம்மா!" நகர்ந்தார்கள். உயர்ந்திருந்த கைப்பேசிகளுள் சில தாழ்ந்தன. ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

பெட்டியின் தலைமாட்டில் ஒரு படம் வைத்திருந்தோம். வெண்முடி, வெள்ளைச் சேலை, மஞ்சள் சுவர், காகிதப்பூ. யாரையோ கேலி செய்யப் போகும் அந்தக் கண்கள். முகவரி எழுதிச் சென்ற இளைஞர் ஒரு மாதத்திற்குள் சட்டமிட்டு அஞ்சலில் அனுப்பிய படம் அது. ஆயாவின் முதுமைக் காலத்துப் படம் என்று அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை. மகள் அதைத்தான் பிரான்சுக்கு எடுத்துச் சென்றாள்.

உப்பளம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது இருட்டிவிட்டது. இளைஞர்கள் இருவரும் தங்கள் பேருந்தைத் தவறவிட்டிருந்தனர். அன்றிரவு எங்கள் வீட்டிலேயே உணவருந்தினர். புறப்படும்போது ஒருவர், "இந்த ஊருக்கு மூன்று முறை வந்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தது இதுதான் முதல் முறை" என்றார்.

அந்தச் சொல் எனக்குள் தைத்தது. அத்தனை ஆண்டுகளாக அவர்கள் என் கதவைப் படமெடுத்தார்கள். நானும் சிரித்தேன், நகர்ந்தேன். திறந்ததில்லையே! அந்நியனாய் இருந்தேன், ஏற்றுக்கொண்டாயா என்று ஆண்டவர் இறுதி நாளில் கேட்கப்போகிறார் என்பது மறைக்கல்வி வகுப்பிலேயே நமக்குத் தெரியும். எம்மாவு வழியில் சீடர்கள் இருவரும் தங்களோடு நடந்தவரை யாரென்று அறியவில்லை. அந்தி சாய்ந்ததும் வீட்டுக்குள் தங்க வற்புறுத்தி அழைத்த பின்னரே, அப்பம் பிட்கையில் கண் திறந்தது.

இப்போது எங்கள் வாசலில் ஒரு மண்பானையில் தண்ணீரும், இரண்டு தம்ளரும், ஒரு நாற்காலியும் வைத்திருக்கிறோம். மதாம் ஆயாவின் நாற்காலிதான். மகள் எங்களிடம் விட்டுச் சென்றாள். பலர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். சிலர் அமர்ந்து, கதவின் வயதைக் கேட்கிறார்கள். உண்மையையே சொல்கிறேன். வாயால் நம்பினாலும் மனத்தால் நம்புவதில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. தச்சரின் கைவண்ணம் அப்படி!

உங்கள் ஊரிலும் திருத்தலம் இருக்கலாம், திருவிழா இருக்கலாம், யாத்திரிகர் வரலாம். வருகிறவர் தவறு செய்வார், தவறாகப் பேசுவார், தவறான இடத்தில் நிற்பார். சிரித்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அவருக்குத் தாகம் எடுக்கிறதா என்பதையும் கேளுங்கள். நீங்கள் பயணம் போகும்போது, சாய்வதற்கு முன் கதவைத் தட்டுங்கள். அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கலாம்.